கண் மருத்துவமனை நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு நகரத்தில் புதிதாகக் கண் மருத்துவமனை தொடங்குபவர்கள் பெரும்பாலும் கருவிப் பட்டியலிலிருந்தே திட்டமிடத் தொடங்குகிறார்கள். விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. கருவி வாரத்திற்கு எத்தனை பேருக்குத் தேவைப்படும் என்று கணக்கிடாமல் அதைக் கடனில் வாங்கிவிட்டு, பின்னர் மாதத் தவணையைக் கட்டுவதற்காகத் தேவையில்லாதவர்களுக்கும் அந்தப் பரிசோதனையை எழுதுவதுதான் இத்தொழிலின் மிக மோசமான தவறு என்பேன். பண இழப்பை எப்படியாவது ஈடுகட்டிவிடலாம். நோயாளிக்கு வந்த சந்தேகத்தைப் போக்குவது எளிதன்று.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை 11 படுக்கைகளுடன்தான் தொடங்கினார். அதன் வளர்ச்சியில் வேலைப் பங்கீட்டுக்குப் பெரிய இடம் உண்டு. கிராமப்புறப் பெண்களைப் பயிற்றுவித்து, பார்வை அளவு, கண் அழுத்தம் போன்ற பூர்வாங்கப் பரிசோதனைகளை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அறுவை அரங்கில் ஒரு மேசையில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். பார்வைப் பலகையை வாசிக்கச் சொல்வது முதல் கண்ணாடிச் சீட்டு எழுதுவது வரை எல்லாவற்றையும் மருத்துவரே செய்யும் இடத்தில், எத்தனை கருவிகள் இருந்தாலும் கூட்டம் நகராது.

ஆனால் வேலையைப் பகிர்வதிலும் எல்லை உண்டு. தானியங்கிக் கருவி அச்சிட்டுத் தரும் 'பவர்' எண்ணை அப்படியே சீட்டில் எழுதிக் கொடுப்பது, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, பெரும் பிழையாகும். அந்த எண்ணைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் கொண்டு, முகத்தில் மாட்டும் சோதனைக் கண்ணாடிச் சட்டகத்தில் லென்ஸ்களை மாற்றி மாற்றி வைத்து நோயாளியையே கேட்டு முடிவு செய்ய வேண்டும். தையற்காரருக்கும் கணினியில் வேலை செய்பவருக்கும் அருகில் பார்ப்பதற்கான கண்ணாடி ஒரே தூரத்திற்கு உதவாது என்பதால், தொழிலைக் கேட்காமல் எழுதிய சீட்டு ஒரே வாரத்தில் புகாராகத் திரும்பி வரும். கண்புரை அறுவைக்கு முன் எடுக்கும் அளவில் இன்னும் கவனம் வேண்டும். விழியின் நீளத்தை 1 மில்லிமீட்டர் தவறாக அளந்தால், கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் பவரில் ஏறத்தாழ 2.5 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) வேறுபாடு வந்துவிடும்.

விழித்திரையைப் பார்ப்பதற்காகக் கண்ணில் மருந்து விட்டுக் காத்திருக்க வைக்கும் நேரத்தைப் பல மருத்துவமனைகள் பொருட்படுத்துவதே இல்லை. கண்ணின் பாவை விரிய அரை மணி நேரம் ஆகலாம், பிறகு சில மணி நேரம் வெயிலில் கண் கூசும், இரு சக்கர வாகனம் ஓட்டக் கூடாது, எனவே துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள் என்று முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் பாதிச் சச்சரவு தீரும். சொல்லாமல் விட்டால், மருந்து விட்ட பிறகு, "வண்டியில வந்திருக்கேனே, சார்" என்று ஒருவர் நிற்பார். அவரை அன்று விழித்திரை பார்க்காமல் அனுப்பவும் முடியாது, வண்டியோடு அனுப்பவும் முடியாது.

மறுவருகையை நோயாளியின் பொறுப்பென்று விட்டுவிடுவதும் தவறே. கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்து பார்வையைக் கூட்டுவதில்லை, இருப்பதைக் காக்க மட்டுமே செய்கிறது. இதை விளக்காவிட்டால் முதல் புட்டி தீர்ந்ததும் நிறுத்திவிடுவார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பார்வை தெளிவாக இருக்கும்போதே ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை தேவை. வராதவர்களின் பட்டியலை எடுத்து வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைக்க ஓர் ஊழியர் போதும். விளம்பரப் பலகைக்குச் செலவிடுவதைவிட இது மலிவு.

வளாகத்தில் கண்ணாடிக் கடை இருந்தால் சீட்டை நோயாளியின் கையில் கொடுத்துவிட வேண்டும். வெளியில் வாங்குவது அவர் விருப்பம். கண்புரை அறுவையில் பொருத்தும் லென்ஸின் விலையையும் அறுவைக்கு முதல் நாளே எழுத்தில் தருவது நல்லது.

இலவச முகாம் நடத்திப் பெயர்களை எழுதிக்கொண்டு, "அடுத்த வாரம் மருத்துவமனைக்கு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினால் பலர் வருவதில்லை. சிகிச்சை இலவசமானாலும் பேருந்துக் கட்டணம், சாப்பாடு, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி ஆகியவை குறுக்கே நிற்கின்றன. இதை உணர்ந்துதான் அரவிந்த் நிறுவனத்தார் முகாமிலிருந்தே நோயாளிகளைப் பேருந்தில் அழைத்துச் சென்று, உணவளித்து, சிகிச்சை முடிந்ததும் ஊரில் கொண்டுவந்து விடும் ஏற்பாட்டைச் செய்தார்கள். சிறிய மருத்துவமனையால் பேருந்து விட முடியாது. ஆனால் முகாமின் அளவைக் குறைத்து, அன்றே ஒரு வேனில் ஏற்றிவரக்கூடிய எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ள முடியும்.