வீட்டிலிருந்து வேலை: தோல் ஏற்றுமதி நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வட ஆற்காட்டின் தோல் ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டையில் தோலைப் பதனிட ஆலைக்குத்தான் போக வேண்டும். ஆனால் இன்வாய்ஸ் போடுவதையும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதுவதையும் வேலூரிலோ குடியாத்தத்திலோ வீட்டிலிருந்தே செய்துவிடலாம். இந்த வசதியில் முதலாளிகள் கவனிக்காமல் விடும் சில தவறுகள் பெரும் பணத்தை விழுங்கக்கூடியவை.

அவற்றுள் மிகவும் ஆபத்தானது, வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக வரும் மின்னஞ்சலை அப்படியே நம்புவது. ஊழியரின் அல்லது சரக்கு விற்பவரின் மின்னஞ்சலுக்குள் நுழையும் திருடன் உடனே எதையும் செய்வதில்லை. வரும் கடிதங்களின் நகல் தனக்கும் வந்து சேருமாறு அமைத்துவிட்டு, பெரிய தொகை கைமாறும் நேரம் வரை காத்திருந்து, ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து புதிய கணக்கு எண்ணை அனுப்புகிறான். அலுவலகத்தில் என்றால் கணக்காளர் பக்கத்து மேசையில் ஒரு வார்த்தை கேட்டிருப்பார். வீட்டில் தனியாக இருப்பவர் அவசரத்தில் அனுப்பிவிடுகிறார். எனவே பழைய கோப்பில் உள்ள தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்யாமலும், இன்னொருவர் ஒப்புதல் தராமலும் பணம் போகக்கூடாது. உங்கள் பெயரிலேயே வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் இப்படி அஞ்சல் போகலாம் என்பதால், கணக்கு மாற்றத்தை மின்னஞ்சலில் மட்டும் தெரிவிக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. ஏமாந்தது தெரிந்த பிறகு கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிறுத்தாமல், அந்த நகல் அமைப்பையும் தேடி நீக்க வேண்டும்.

அடுத்தது, வீட்டிலிருந்து டேலி கணக்கு மென்பொருளைப் பார்ப்பதற்காக, அலுவலகக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைப்பது. அதன் வழக்கமான நுழைவாசலான 3389 என்ற போர்ட் எண்ணைத் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் தேடிக் கடவுச்சொற்களை முயன்று பார்க்கின்றன. எண்ணை மாற்றுவது மட்டும் பாதுகாப்பாகாது. விபிஎன் எனும் பாதுகாக்கப்பட்ட தனி இணைப்பு வழியாக மட்டும் அனுமதித்து, இருபடிச் சரிபார்ப்பையும் வைக்க வேண்டும். நான்கு பேர் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டால், வேலையை விட்டுப் போனவரிடமும் சாவி இருந்துகொண்டே இருக்கும்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவதும் தவறே. 2017 மே மாதத்தில் பரவிய வான்னாகிரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரல்) நுழைந்த ஓட்டைக்கு மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டிருந்தது. கணினியில் நிரந்தரமாகச் செருகி வைத்த காப்புப் பிரதியையும் அத்தகைய ரான்சம்வேர் பூட்டிவிடும் என்பதால், ஒரு பிரதி தனியே துண்டிக்கப்பட்டு இருக்க வேண்டும்.

திட்டுக்குப் பயந்து ஊழியர் நடந்ததை மறைக்கும் நிலையை முதலாளி உண்டாக்கக்கூடாது. பணம் போயிருந்தால் வங்கிக்கும் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதை முடக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. இணையத் தாக்குதல்களை 6 மணி நேரத்துக்குள் தன்னிடம் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் ஆணையிட்டுள்ளது. தாக்கப்பட்ட கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். ஆனால் தடயங்களை எடுப்பதற்கு முன் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்.