கழிவுநீர் நிலையம் வீட்டுக்குப் பக்கத்தில் வருகிறதா? மனுவில் நாம் கோட்டைவிடும் இடங்கள்

வடசென்னையில் கொடுங்கையூர், எழில் நகர், ஆர்.ஆர். நகர் பக்கம் எழுதப்படும் மனுக்கள் நிறைய பார்த்தாயிற்று. பாதி மனு முதல் வரியிலேயே படுத்துவிடுகிறது. "குப்பைமேட்டையும் கழிவுநீர் நிலையத்தையும் உடனே அகற்ற வேண்டும்" என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறோம். குப்பைமேடு மாநகராட்சியுடையது, சுத்திகரிப்பு நிலையம் சென்னையின் குடிநீர், கழிவுநீர் அமைப்பான மெட்ரோ வாட்டருடையது. மனு எந்த மேசைக்குப் போனாலும் "இது எங்களுடையது இல்லை" என்று ஒரு வரி எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளிவிட அவர்களுக்கு வசதியாகப் போய்விடுகிறது. நாற்றம்கூட வேறு வேறுதான். குப்பை எரிகிற புகை தொண்டையைக் கரிக்கும், கழிவுநீரின் வாயு அழுகிய முட்டை மாதிரி வரும். எது வருகிறது என்று தெரிந்து எழுதுங்கள். போன் பண்ணினாலும் அப்படித்தான், குப்பைக்கு மாநகராட்சியின் 1913, டிரைனேஜுக்கு மெட்ரோ வாட்டரின் 1916.

அடுத்தது மீட்டர் கணக்கு. "வீட்டிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக் கூடாதாம்", "இல்லை, 500 மீட்டராம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த 200 மீட்டர் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளில் வந்தது. குப்பையைப் புதைக்கும் நிலம் குடியிருப்பு, பூங்கா, குடிநீர்க் கிணறு, நெடுஞ்சாலை இவற்றிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், ஆற்றிலிருந்து 100 மீட்டர் என்றன அந்த விதிகள். 500 மீட்டர் என்பது கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் அளப்பது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இப்படி நாடு முழுக்க ஒரே எண் வைத்த விதி எதுவும் இல்லை. இல்லாத விதியை மனுவில் எழுதினால், அதை மட்டும் பிடித்துக்கொண்டு மொத்த மனுவையும் தள்ளுபடி செய்துவிடலாம், செய்கிறார்கள்.

எண்ணூர், கத்திவாக்கம், காட்டுக்குப்பம் பக்கம் இருப்பவர்கள் சிஎம்டிஏ-வின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) நில உபயோக வரைபடத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அங்கே கடல் மட்டுமல்ல, அலை ஏறி இறங்கும் முகத்துவாரக் கழியின் கரையும் கடலோர விதிக்குள் வரும். கடலோர மண்டல வரைபடத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

"மக்களிடம் கருத்துக் கேட்கவே இல்லை" என்பது இன்னொரு வாதம். நியாயமான கோபம்தான், ஆனால் சட்டத்தில் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் ஆலைகளின் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, மாநகராட்சிக் குப்பைக்கான பொது நிலையம் இருக்கிறது, நம் வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தனி நிலையம் அதில் இல்லை. அதனால் அந்த அறிவிக்கைப்படி கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. ஓட்டை என்றுதான் நான் சொல்வேன், ஆனால் அந்த ஓட்டையை மறந்துவிட்டு மனு எழுதிப் பயனில்லை.

அப்போது எதைப் பிடிப்பது? நில உபயோகத்தை. சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு உபயோகம் குறித்திருக்கிறது: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி என்று. சிஎம்டிஏ இணையதளத்தில் வட்டம், கிராமம், சர்வே எண் போட்டால் தெரிந்துவிடும். இங்கேதான் பெரிய தடுமாற்றம். வடசென்னையில் பழைய பத்திரத்தில் ஒரு சர்வே எண் இருக்கும், நகர நில அளவைப் பதிவேட்டில் பிளாக் எண்ணும் டி.எஸ். எண்ணும் (நகர சர்வே எண்) வேறாக இருக்கும். கதவு எண்ணையும் தெருப் பெயரையும் மட்டும் போட்டு "எங்கள் தெருமுனையில் உள்ள காலி இடம்" என்று எழுதினால் எந்த அதிகாரியும் தேடிக்கொண்டு வரப்போவதில்லை. முதலில் பதிவேட்டு நகலை எடுங்கள், இரண்டு எண்ணையும் மனுவின் மேலேயே எழுதுங்கள். அப்புறம், "அரசு புறம்போக்கு, அதனால் அவர்கள் இஷ்டம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிலம் யாருடையது என்பது ஒரு கேள்வி, அதில் என்ன கட்டலாம் என்பது இன்னொரு கேள்வி.

அதே சமயம் "குடியிருப்பு மண்டலம்" என்று தெரிந்ததும் ஜெயித்துவிட்டோம் என்று கிளம்பிவிடாதீர்கள். தெருக் கழிவுநீரை இழுத்து அனுப்பும் சின்ன பம்பிங் ஸ்டேஷனும் பெரிய சுத்திகரிப்பு நிலையமும் விதியின் கண்ணில் ஒன்றல்ல. பம்பிங் ஸ்டேஷன் ஊருக்குள் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் மழைக்கு மேன்ஹோல் பொங்குவதை நிறுத்தவே முடியாது. 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் அந்த மண்டலத்துக்கு அனுமதித்த உபயோகங்களின் பட்டியல் இருக்கிறது, அதை ஒரு முறை படித்துவிடுங்கள். லேஅவுட் போடும்போது பொதுவுக்கு விட்ட ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) இடத்தில் கட்ட வந்தால் கேள்வி கேட்க வலுவான காரணம் உண்டு, அது பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் விட்டது. உபயோகத்தை மாற்றப் போகிறார்கள் என்றால் ஆட்சேபம் கேட்டு நாளிதழில் அறிவிப்பு வரும், கடைசித் தேதியும் அதிலேயே இருக்கும். சங்கத்தில் ஒருவராவது அந்தப் பக்கத்தைப் புரட்டுகிற பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

"அந்த பிளான்ட் நாம் வருவதற்கு முன்னாடியே இருக்கு, என்ன பண்ண முடியும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதுவும் தப்பு. 1974 நீர்ச் சட்டத்தின்படி எந்த நிலையத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, அதாவது எழுத்து மூல அனுமதி, இரண்டு முறை வேண்டும், நிறுவ ஒன்று, இயக்க ஒன்று. கொள்ளளவைக் கூட்டினால் மறுபடி வாங்க வேண்டும். கொடுங்கையூரில் சுத்திகரித்த தண்ணீரை மேலும் சுத்தம் செய்து மணலி, எண்ணூர் ஆலைகளுக்குக் கொடுக்க 2019-ல் ஒரு நாளைக்கு 45 மில்லியன் லிட்டர் நிலையம் வந்தது. இப்படி ஒவ்வொன்று சேரும்போதும் ஒரு காகிதம் பிறக்கிறது. அந்த இசைவாணையின் நகலை 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், நிபந்தனைகள் அதிலேயே இருக்கும். "ஏன் இப்படி நாறுகிறது?" என்று கேட்டால் பதில் வராது. "இத்தனாம் தேதியிட்ட இசைவாணை, அதன் நிபந்தனைகள், கடைசி ஆய்வறிக்கை ஆகியவற்றின் நகல்" என்று கேட்டால் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். 2017 அறிவிக்கைப்படி பெருநகர நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீரில் பிஓடி (தண்ணீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, ஆய்வறிக்கை வந்ததும் முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள்.

நாற்றத்தைப் பற்றி எழுதும்போது "தாங்க முடியவில்லை, குழந்தைகள் அவதிப்படுகிறார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு பழைய நோட்டில் தேதி, மணி, காற்று எந்தப் பக்கம், எந்தத் தெரு வரை வந்தது என்று இரண்டு மூன்று வீட்டார் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். காற்று அசையாத நள்ளிரவிலும் விடியற்காலையிலும்தான் அதிகம் தெரியும், ஆய்வுக்கு வருபவர்களோ காலை 11 மணிக்கு வந்து "ஒன்றும் இல்லையே" என்று போவார்கள். கால்வாய்த் தண்ணீரை நாமே பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்புவது நம் திருப்திக்குச் சரி. வழக்குக்கு, வாரியம் முறைப்படி எடுத்த மாதிரிதான் நிற்கும், அதை எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக நாள் கணக்கு. கவுன்சிலர், எம்எல்ஏ, ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை மனு என்று சுற்றுவதிலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன. வாரியத்தின் இசைவாணையை எதிர்த்து மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போக 30 நாள்தான். சேப்பாக்கத்தில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தில் 14-வது பிரிவின் கீழ் வழக்குப் போட, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், சரியான காரணம் காட்டினால் மேலும் 60 நாள். மனுக் கொடுத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். காலி மனையில் பலகை நட்ட அன்றே போட்டோ எடுத்து தேதியைக் குறித்துவிடுங்கள்.