தன்னார்வலர்களைக் கொண்டு பாரம்பரிய ரயில் பாதையும் பணிமனையும் அமைக்கும் முறை

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், 1933-இல் ஓட்டம் நின்றுபோன விஸ்காசெட், வாட்டர்வில் அண்ட் ஃபார்மிங்டன் ரயில்வேயின் பழைய தடத்தில், 1989-இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகத்தின் தன்னார்வலர்கள் இரண்டடி கேஜ் (இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம்) பாதையை மீண்டும் இட்டு வருகிறார்கள். 1891-இல் செய்யப்பட்ட 9-ஆம் எண் நீராவி இஞ்சினை 2015-இல் மறுபடியும் ஓட வைத்தார்கள். அத்தகைய குழுவில் சேர்பவர் அறிய வேண்டிய வேலைமுறை இது.

முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீர். மெயினின் கடுங்குளிரில் மண்ணில் தேங்கிய நீர் உறைந்து விரிந்து பாதையையே மேலே தூக்கிவிடும் என்பதால், பழைய மண்மேட்டில் வளர்ந்த மரங்களை வேரோடு அகற்றி, இருபுறக் கால்வாய்களையும் தூர்வாரிய பிறகே ஜல்லி கொட்ட வேண்டும். ஜல்லி உடைத்த கல்லாக இருப்பது நல்லது. உருண்டையான ஆற்றுக்கூழாங்கல் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது.

அதன்மேல் சிலீப்பர் கட்டைகளைச் சம இடைவெளியில் பரப்பித் தண்டவாளங்களை ஏற்றுவார்கள். மீட்டருக்கு 30 கிலோ எடையுள்ள பத்து மீட்டர்த் தண்டவாளம் 300 கிலோ இருக்கும். எனவே இடுக்கிகளால் பிடித்துத் தூக்கும்போது ஒருவர் மட்டுமே குரல் கொடுக்க, மற்றவர்கள் அந்தக் குரலுக்கே அசைய வேண்டும். வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் கூடினால் அதே தண்டவாளம் ஏறக்குறைய 4.6 மி.மீ. நீளும். ஆகவே அன்றைய தண்டவாள வெப்பத்தை அளந்து, அதற்கேற்ற தடிமனுள்ள தகட்டை இணைப்பில் செருகி இடைவெளி விட்டு, இரு தண்டவாள முனைகளை இணைக்கும் இரும்புப் பட்டைகளான ஃபிஷ் பிளேட்டுகளைப் போல்ட் போட்டு முடுக்க வேண்டும்.

ஆணி அடிப்பது எல்லோரும் ஆசைப்படும் வேலை. பெரும்பாலும் கெடுவதும் அதுதான். ஒரு தண்டவாளத்தை நேர்க்கோட்டில் நிறுத்தி முதலில் அடித்துவிட்டு, கேஜ் கோலை வைத்து 610 மி.மீ. சரிபார்த்த பிறகே எதிர்த் தண்டவாளத்தை அடிக்க வேண்டும். ஒரு கட்டையில் உட்புற ஆணிகள் இரண்டும் கட்டையின் ஒரு விளிம்பை ஒட்டியும், வெளிப்புற ஆணிகள் மறு விளிம்பை ஒட்டியும் இருக்க வேண்டும். நேருக்கு நேர் அடித்தால் ஒரே இழையில் மரம் பிளக்கும், கட்டையும் எளிதில் கோணிக்கொள்ளும். கடினமான மரத்தில் முன்கூட்டியே துளையிட்டால் புதியவரின் சம்மட்டிக்கும் ஆணி நேராக இறங்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் அருகில் நிற்கக் கூடாது.

அடுத்து ஜாக்கியால் பாதையை உயர்த்தி, ரசமட்டம் பார்த்து, ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் அடியில் இருபக்கமும் ஜல்லியை இடித்து இறுக்க வேண்டும். கட்டையின் நடுப்பகுதியை அப்படி இறுக்கக் கூடாது. எடை முழுவதும் நடுவில் தாங்கினால் கட்டை முறிந்துவிடும். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு நடந்துபோய் நட்டுகளை மறுபடி முடுக்குவதும் இந்த வேலையில் சேர்ந்ததே.

பாதை ஓரளவு நீண்டபின் பணிமனையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பல குழுக்கள் நினைப்பது எனக்கு ஏற்புடையதன்று. கூரையும் வெளிச்சமும் இருந்தால்தான் பனிக்காலத்திலும் ஆட்கள் வந்து வேலை செய்வார்கள். மெயினில் உறைபனி இறங்கும் ஆழத்துக்குக் கீழே, ஏறக்குறைய 1.2 மீட்டரில், அஸ்திவாரம் அமைய வேண்டும். தரையை ஊற்றும் முன்பே, இஞ்சினின் அடிப்பகுதியைக் கீழிருந்து பார்க்க உதவும் ஆய்வுக் குழியைத் தோண்டிவிடுவது அவசியம். பின்னால் கான்கிரீட்டை உடைப்பது இருமடங்குச் செலவு. குழியின் அடித்தளம் வடிகாலை நோக்கிச் சரிய வேண்டும். ஆள் ஏறி இறங்க இருமுனையிலும் படிகள் வேண்டும். ஜாக்கிகள் நிற்கும் இடத்தில் தரைக்குக் கூடுதல் தடிமனும் கம்பிக்கட்டும் தேவை. அங்கே தரை அமிழ்ந்தால் தூக்கிய இஞ்சின் சாய்ந்துவிடும். குளிர்ந்த இஞ்சினில் தீ மூட்டும்போது எழும் புகை வெளியேற, புகைபோக்கி நிற்கும் இடத்துக்கு நேர்மேலே கூரையில் திறப்பு வைக்க வேண்டும். கடைசல் இயந்திரமான லேத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், நீளமான அச்சு அதன் முனையைத் தாண்டி நீட்டிக்கொள்ள இடம் விடுவது நல்லது. பின்னாளில் பட்டறையை நீட்டிக்க நேரும் என்பதால், பின்சுவரை மட்டும் எளிதில் கழற்றக்கூடிய மரப்பலகையில் அடைத்துக்கொள்ளலாம்.