வேலைக்குத் திரும்பும் அம்மாக்களுக்கு: கையால் பால் பீய்ச்சி எடுத்து வைப்பது எப்படி?

பேறுகால விடுப்பு 26 வாரம். அதில் ஒரு மாதம் பிரசவத்துக்கு முன்பே போய்விட்டதால், மும்பையில் செம்பூரிலிருந்து சிஎஸ்எம்டி ஸ்டேஷனுக்கு மறுபடி லோக்கல் ரயில் பிடித்தபோது என் மகளுக்கு ஐந்து மாதம்தான். எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப ஏழு மணி ஆகும். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அதனால் பால் எடுத்து வைக்கக் கற்றுக்கொண்டேன். உங்கள் குழந்தை மார்பில் நன்றாகப் பிடித்துக் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

எப்போது, எதில்?

வேலைக்குப் போவதற்கு மூன்று வாரம் முன்பே ஆரம்பியுங்கள். விடியற்காலை நல்ல நேரம். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும். குழந்தை ஒரு பக்கம் குடித்து முடித்ததும் மறு பக்கத்தில் எடுக்கலாம்.

வாய் அகன்ற எவர்சில்வர் கிண்ணம் ஒன்று, மூடி போட்ட சின்ன டப்பாக்கள் நாலைந்து போதும். நான் முதலில் பேட்டரி பம்ப்தான் வாங்கினேன். அதன் புனல் அளவு எனக்குப் பொருந்தாமல் காம்பு புண்ணாகிவிட்டது. பம்ப்தான் வேண்டும் என்றால் புனல் அளவைப் பார்த்து வாங்குங்கள். என்னைக் கேட்டால் கைதான் சிறந்தது. ரயிலில் லேடீஸ் பெட்டி நெரிசலில் எதையும் சுமக்க வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம், கழுவவும் கொஞ்சம்தான் இருக்கும்.

பீய்ச்சுவது

நான் தடுக்கி நின்ற இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒரு வாரம் முழுக்கக் காம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். வலிதான் மிச்சம், கிண்ணத்தில் நாலு சொட்டு. பால் வற்றிவிட்டது என்று ராத்திரி உட்கார்ந்து அழுதேன். மூன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போனபோது அங்கிருந்த மலையாளி சிஸ்டரிடம் சொன்னேன். அவர் தன் கையை என் கைமேல் வைத்து, “முன்னால இழுக்காதீங்க, பின்னால அமுக்குங்க” என்றார். அவ்வளவுதான் விஷயம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மார்பில் இரண்டு நிமிடம் வையுங்கள். பிறகு கட்டைவிரலைக் காம்புக்கு மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வையுங்கள். காம்பிலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளி, கருவட்டத்தின் ஓரத்தில் விரல் இருக்க வேண்டும். முதலில் விலா எலும்பை நோக்கி உள்ளே அமுக்குங்கள். அப்படியே இரு விரல்களையும் ஒன்றை நோக்கி ஒன்று சேர்த்து அழுத்தி, விடுங்கள். அமுக்கு, சேர், விடு. விரல் தோலின்மேல் வழுக்கி ஓடக் கூடாது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் சொட்டுதான் வரும், பயப்படாதீர்கள். பாலை வெளியே தள்ளும் ஆக்ஸிடோசின் ஹார்மோன் வேலை செய்து பால் இறங்கியதும் கிண்ணத்தில் ‘சுர்’ என்று சத்தம் கேட்கும். ஓட்டம் குறைந்ததும் விரல்களைக் கடிகார முள்போல வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். குழந்தையின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டால் எனக்குச் சீக்கிரம் இறங்கியது.

ஆரம்பத்தில் 20 மில்லி வந்தாலே நல்லது. கிண்ணத்தில் வருவதை வைத்து உங்கள் பாலை அளக்காதீர்கள். குழந்தை உறிஞ்சும்போது இதைவிட அதிகம் வரும். ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது.

வைப்பது

டப்பாவில் தேதி எழுதுங்கள். வெளியில் 4 மணி நேரம் என்பது 25 டிகிரிக்குள் உள்ள அறைக்குத்தான். மே மாத மும்பையில் நான் உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். ஃப்ரிட்ஜில் 4 நாள் இருக்கும், கதவுப் பக்கம் மட்டும் வேண்டாம். ஃப்ரீசரில் 6 மாதம். உறையும்போது பால் உப்பும், அதனால் முக்கால் டப்பா மட்டும் நிரப்புங்கள். அலுவலகத்தில் எடுத்ததை ஐஸ் பேக் வைத்த பையில் கொண்டுவரலாம்.

கொடுப்பது

“பீய்ச்சி வெச்ச பாலைப் புள்ளைக்குக் குடுக்கலாமாம்மா?” என்று அத்தை ரொம்பவே தயங்கினார். நம் வீட்டுக்குப் பக்கத்தில், சயன் மருத்துவமனையில் 1989-லேயே ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கினார்கள், குறைமாதக் குழந்தைகளே அந்தப் பாலைக் குடித்துத் தேறுகிறார்கள் என்று சொன்னேன். அதன் பிறகு அவரே தன் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய வெள்ளிப் பாலாடையை (குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) எடுத்துத் தேய்த்து வைத்தார்.

பாட்டில் வேண்டாம், பாலாடை போதும். கழுவுவது எளிது, குழந்தைக்கு மார்பும் ரப்பர் காம்பும் என்ற குழப்பமும் வராது. டப்பாவை வெதுவெதுப்பான நீரில் வைத்துச் சூடாக்குங்கள், மைக்ரோவேவ் கூடவே கூடாது. குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடை நுனியைக் கீழுதட்டில் தொட வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியுங்கள். நான் இல்லாத பத்து மணி நேரத்துக்கு 350 மில்லி சரியாக இருந்தது. மிச்சம் வைத்ததை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கொட்டிவிடுங்கள்.

அலுவலகத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்காவிட்டால் பால் கட்டிக்கொள்ளும். மார்பு சிவந்து, கல்லாகி, காய்ச்சலும் வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். அந்தச் சமயத்திலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

பின்சேர்க்கை: உறைய வைத்த பாலில் சோப்பு வாடை வருகிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். பால் கெடவில்லை. பாலில் உள்ள லிப்பேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது அது. குழந்தை குடித்தால் அப்படியே கொடுக்கலாம். முகத்தைத் திருப்பினால், அடுத்த முறை உறைய வைப்பதற்கு முன் ஓரத்தில் குமிழி கட்டும்வரை மட்டும் சூடாக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் ஆற வையுங்கள். முதலில் ஒரே ஒரு டப்பாவில் செய்து, நாலு நாள் கழித்து முகர்ந்து பார்த்துவிட்டு மீதியைச் செய்யுங்கள்.