வெந்நீர் குடிக்கச் சொல்லும்போது நடக்கும் தவறுகள்

வார்டுக்குப் புதிதாக வரும் நர்சிங் பிள்ளைகள், டிஸ்சார்ஜ் ஆகிறவர்களிடம் "வெதுவெதுப்பா தண்ணி குடிங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் பயிற்சியில் இருந்தபோது சொன்னதும் இதேதான். இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஒற்றை வரியைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

பச்சைத் தண்ணீர் விட்டு விளாவுவது

மஞ்சள் காமாலையோடு ஒரு பையன் படுத்திருந்தான். துணைக்கு இருந்த பாட்டி பிளாஸ்க் வெந்நீரைச் சொம்பில் கால்வாசி ஊற்றி, மீதியைக் குழாயில் பிடித்து நிரப்பினார். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தார்.

"குழாய்த் தண்ணியா பாட்டி?"

"வெந்நிதான்மா. நர்சம்மா சொன்ன மாதிரி வெதுவெதுன்னு விளாவிட்டேன்."

அவர் மேல் தப்பே இல்லை. சூட்டைச் சொன்ன நாம், கொதிக்க வைக்கச் சொல்லவில்லை.

90 டிகிரி வெந்நீர் கால் பங்கு, 30 டிகிரி குழாய் நீர் முக்கால் பங்கு சேர்ந்தால் 45 டிகிரி. தொண்டைக்கு இதம்தான். ஆனால் குழாய் நீரில் டைபாய்டு கிருமியோ, மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸோ இருந்தால், குடிக்கும் நேரத்துக்குள் அந்தச் சூட்டில் அது சாகாது.

தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். ஊட்டி மாதிரி 2,000 மீட்டருக்கு மேலே உள்ள ஊர்களில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அங்கே 3 நிமிடம். அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுங்கள். டம்ளரை உள்ளே விட்டு மொள்ளாதீர்கள், சாய்த்து ஊற்றுங்கள். விளாவத்தான் வேண்டுமென்றால், முன்பே கொதித்து ஆறிய நீரை விட்டு விளாவுங்கள்.

ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு வெந்நீர்

எந்தச் சூட்டிலும் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பால் போதும்.

வெந்நீரில் கொழுப்பு கரையும் என்பது

கரையாது.

ஆவி பறக்கக் குடிப்பது

சளிக்குச் சூடான நீர் இதம் தரும், வைரஸைக் கொல்லாது. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பது உணவுக்குழாயில் புற்றுநோய் வரவழைக்க வாய்ப்புண்டு என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. டபராவில் இரண்டு தடவை ஆற்றிக் குடியுங்கள்.

குளிர்ந்த நீரைத் தடை செய்வது

சித்திரை வெயிலில் கட்டட வேலை செய்கிறவரிடம் "ஜில்லுன்னு குடிக்காதே" என்று சொன்னால், அவர் தண்ணீர் குடிப்பதே குறைந்துவிடும். சூடேறிய உடம்பு குளிர்ந்த நீரைத்தான் விரும்பி அதிகம் குடிக்கும். வயிற்றுக்குப் போன சற்று நேரத்தில் அது உடல் சூட்டுக்கு வந்துவிடும். பல் கூச்சம், ஒற்றைத் தலைவலி, உணவுக்குழாய் இறுக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் ஜில் நீர் தொந்தரவு தரலாம்.

பானையோ பிரிட்ஜ் பாட்டிலோ, கொதித்து ஆறிய நீரால் நிரப்பச் சொல்லுங்கள். தெருக்கடை ஐஸ் கட்டி எந்தத் தண்ணீரில் உறைந்ததோ தெரியாது. உறைந்தாலும் கிருமி பிழைத்திருக்கும். அதை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போங்கள்.