அரசியலமைப்புச் சட்டத்தை எங்கிருந்து படிக்கலாம்?

எந்த நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தைக் கையில் எடுத்தாலும் முகவுரையோடு நிறுத்திவிடாதீர்கள். அங்கே எல்லா நாடுகளும் அழகாகத்தான் பேசும். நேராகத் திருத்தம் பற்றிய பிரிவுக்குப் போங்கள். ஆட்சியில் இருப்பவர்கள் நினைத்தவுடன் சட்டத்தை மாற்ற முடியுமா என்பது அதில் தெரிந்துவிடும். அமெரிக்காவில் பொதுவாக நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அப்புறம் நான்கில் மூன்று பங்கு மாநிலங்களும் ஒப்ப வேண்டும். ஜெர்மனியின் 1949-ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம் இன்னும் கறார். மனித மாண்பு, மக்களாட்சி போன்ற கொள்கைகளை எவ்வளவு பெரும்பான்மை இருந்தாலும் அசைக்க முடியாது என்கிறது அதன் 79-வது பிரிவு. நாஜி ஆட்சியில் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது.

அடுத்து, நீதிபதிகளை யார் நியமிக்கலாம், யார் நீக்கலாம் என்று பாருங்கள். நீக்கும் அதிகாரம் அரசாங்கத்தின் கையில் மட்டும் இருந்தால், உரிமைகளின் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதை நம்பிவிடாதீர்கள்.