போபா ஃபெட் ஹெல்மெட்: அச்சிலிருந்து அடிபட்ட பெயின்ட் வரை

ஸ்டார் வார்ஸ் ரசிகர்களுக்கு, அந்தப் படங்களில் வரும் கூலி வேட்டைக்காரன் போபா ஃபெட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த உடை எப்படி உருவானது என்பது ஹெல்மெட் செய்யப் போகிறவருக்கு அவசியம் தெரிய வேண்டிய கதை. 1978-ல் தயாரான முதல் மாதிரி உடை முழு வெள்ளை நிறம். ஒரே மாதிரி உடையணிந்த சிறப்புப் படைவீரர்களுக்காக யோசிக்கப்பட்டது. அப்புறம்தான் அது தனியாகத் திரியும் ஒரு கூலி வேட்டைக்காரனின் உடையாக மாறியது. படத்தின் வடிவமைப்புக் கலைஞர் ஜோ ஜான்ஸ்டன் அதற்குப் பச்சையும் கருஞ்சிவப்பும் பூசி, சிராய்ப்புகளும் உரிந்த பெயின்ட்டும் வரைந்தார். 1980-ல் 'எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில் நாம் பார்த்தது அதைத்தான். ஹெல்மெட்டின் வடிவம் பெரிதாக மாறவில்லை. பெயின்ட் மாறியதும் ஆளே மாறிவிட்டான். அதனால் இந்த விளக்கத்தில் ஹெல்மெட்டை 3டி பிரிண்டரில் அச்சடிப்பதைச் சுருக்கமாக முடித்துவிட்டு, பரப்பைத் தயார் செய்வதிலும் பெயின்ட்டிலும் அதிக நேரம் செலவிடப் போகிறேன்.

தொடங்கும் முன் ஒரு முடிவு எடுங்கள். 1980 படத்தில் வரும் பெயின்ட்டும் 1983-ல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' படத்தின் பெயின்ட்டும் ஒன்றல்ல. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தப் படத்தின் புகைப்படங்களை மட்டும் சேகரியுங்கள். இரண்டையும் கலந்தால், பாதி வேலையில் எந்தக் கீறல் எங்கே வர வேண்டும் என்று குழம்பிப்போவீர்கள்.

அளவும் அச்சும்

தலையின் சுற்றளவு மட்டும் போதாது. காதுக்குக் காது அகலம், மூக்கு நுனியிலிருந்து பின்மண்டை வரை உள்ள நீளம், இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். உள்ளே ஸ்பாஞ்ச் வைக்கவும் காற்று போகவும் நாலு பக்கமும் 2 செ.மீ. அளவுக்கு இடம் விடலாம். அதற்கு மேல் விட்டால் தோளுக்கு மேலே பூசணிக்காய் வைத்தது போல இருக்கும்.

முதல் முயற்சிக்கு பி.எல்.ஏ. எனும் பிளாஸ்டிக் இழையே நல்லது. அடுக்கு உயரம் 0.2 மி.மீ., சுவர்கள் 3 அல்லது 4, உள்நிரப்பு 15 சதவீதம் போதும். வீட்டில் இருக்கும் சிறிய பிரிண்டர்களின் தட்டு பெரும்பாலும் 220 மி.மீ. சதுரம்தான், ஹெல்மெட்டைத் துண்டுகளாகப் பிரித்து அச்சடித்து ஒட்ட வேண்டியிருக்கும். பிரிண்டர் இல்லாதவர்கள், அச்சடித்துத் தரும் கடைகளில் கொடுத்து வாங்கலாம். ஒட்டுவதற்கு எபாக்ஸி பசை. இணைப்பின் உள்பக்கம் கண்ணாடி இழைத் துணி ஒரு பட்டை ஒட்டினால் கீழே விழுந்தாலும் பிளக்காது.

உப்புத்தாளும் பட்டியும்

பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். அச்சின் வரிகளை முழுக்கத் தேய்த்தே போக்கிவிடலாம் என்று இறங்காதீர்கள்; சுவர் மெலிந்துபோகும். 120 எண் உப்புத்தாளில் மேடுகளை மட்டும் மழுக்குங்கள். மிச்சமுள்ள பள்ளங்களைப் பட்டியால் நிரப்புவதுதான் சரியான வழி.

கார் பெயின்ட் கடையில் கேட்டால் இரண்டு வகைப் பட்டி கிடைக்கும். ஹார்டனர் கலந்து போடுவது இணைப்புகளுக்கும் ஆழமான பள்ளங்களுக்கும். சிறிது சிறிதாகக் கலக்குங்கள். ஹார்டனர் கூடினால் பூசுவதற்குள் இறுகிவிடும். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி மெல்லிய வரிகளுக்கு. அதைத் தின்னர் விட்டுக் கூழ் பதத்துக்குக் கரைத்து பிரஷ்ஷால் தடவலாம். காய்ந்ததும் சுருங்கும் குணம் அதற்கு உண்டு, ஆகையால் மெல்லிய பூச்சாக இரண்டு முறை தடவுவதே மேல்.

பி.எல்.ஏ. சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். மெஷின் வைத்து வேகமாகத் தேய்த்தால் அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் உருகி இழுபடும். கையால் தேய்ப்பதே பாதுகாப்பு. தூசிக்கு முகமூடி கட்டாயம்.

அடுத்து ஃபில்லர் பிரைமர் (நுண்ணிய பள்ளங்களை நிரப்பும் அடிப்பூச்சு), மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று. அதன்மேல் பெயின்டர்கள் பயன்படுத்தும் ஓர் எளிய உத்தி: சாம்பல் பிரைமர் காய்ந்ததும் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து தூசு போல லேசாகத் தூவுங்கள். பிறகு 320 எண் தாளில் தேய்த்தால் சமமான இடமெல்லாம் சாம்பலாகிவிடும். பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். எங்கே இன்னும் பட்டி வேண்டும் என்பதை அந்தக் கறுப்பே காட்டிக்கொடுக்கும். கறுப்பு எங்கும் நிற்காத வரை இதைத் திரும்பச் செய்து, கடைசியாக 400 எண் வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து முடியுங்கள்.

அடியிலிருந்து மேலே பெயின்ட்

உரிந்த பெயின்ட்டை மேலே வெள்ளி நிறத்தால் வரைந்துவிடலாம் என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். தூரத்தில் பரவாயில்லை, கிட்டே போனால் ஒட்டவைத்த புள்ளி மாதிரி தெரியும். உண்மையிலேயே உரிந்தது போல இருக்க வேண்டுமென்றால் பெயின்ட்டையும் அடுக்கடுக்காகவே போட வேண்டும்.

முதலில் ஹெல்மெட் முழுக்க வெள்ளி ஸ்ப்ரே. டப்பாவை 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஹெல்மெட்டுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, அதைக் கடந்து மறுபக்கம் வெளியே போன பிறகே விரலை எடுங்கள். ஒரே தடவையில் மூடப் பார்த்தால் வழியும். மழை நாளில் அடிக்காதீர்கள். காற்றின் ஈரத்தால் பெயின்ட் வெளுத்துப்போகலாம். திறந்த வெளியில், கரிம ஆவி வடிகட்டி உள்ள முகமூடியோடு அடியுங்கள். தூசி முகமூடி பெயின்ட் ஆவியைத் தடுக்காது.

ஓர் இரவு காயட்டும். இப்போது பெயின்ட் உரிந்திருக்க வேண்டிய இடங்களில் மாஸ்கிங் ஃப்ளூயிட் (மேல் பெயின்ட் படாமல் மறைத்து, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) தொட்டு வையுங்கள். கிடைக்காவிட்டால் பற்பசை போதும், நன்றாகவே வேலை செய்யும். கிழிந்த ஸ்பாஞ்ச் துண்டால் ஒற்றினால் ஓரங்கள் ஒழுங்கற்று வரும், நமக்கு வேண்டியதும் அதுதான். அதன்மேல் வெளிறிய சாம்பல் நிறம் அடியுங்கள். காய்ந்ததும் அதே இடங்களில், முதல் திட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக மறுபடி பற்பசை வைத்து, மண்டைப் பகுதிக்குப் பச்சை அடியுங்கள். கண்ணாடித் திறப்பைச் சுற்றி வரும் கருஞ்சிவப்புக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி அடிக்கலாம். டேப்பை முதலில் உங்கள் சட்டையில் ஒருமுறை ஒட்டி எடுத்தால் பசை குறையும், அடியிலுள்ள பெயின்ட்டைப் பிய்க்காது.

எல்லாம் காய்ந்ததும் ஈரத்துணியால் பற்பசையைத் துடைத்தெடுங்கள். நடுவில் வெள்ளி, அதைச் சுற்றி மெல்லிய சாம்பல் வளையம், பிறகு பச்சை. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது.

எங்கே உரிய வேண்டும்? புகைப்படத்தை அப்படியே நகலெடுக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் யோசித்தால் கை சரியாகப் போகும். கழற்றித் தரையில் வைக்கும்போது தேய்வது கீழ் விளிம்பு. இடித்துக்கொள்வது நெற்றி மேடும் வலது காதருகே நிற்கும் தொலைநோக்கித் தண்டும். குழிவான கன்னத்தில் அடி படுவது குறைவு, அங்கே அழுக்குதான் சேரும். எல்லா இடத்திலும் சமமாகப் புள்ளி தெளித்த ஹெல்மெட் எந்தச் சண்டையும் பார்க்காத ஹெல்மெட்.

ஒரு எச்சரிக்கை: எனாமல் மேல் என்.சி. பெயின்ட் அடித்தால் அடிப்பூச்சு சுருங்கிச் சுருக்கம் விழும். எல்லா அடுக்குக்கும் ஒரே வகை ஸ்ப்ரே வாங்குங்கள். எதையும் ஒரு வீணான அச்சுத் துண்டில் சோதித்துப் பாருங்கள்.

அழுக்கும் கண்ணாடியும்

கறுப்பும் அடர் பழுப்பும் கலந்த அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து முழுக்கத் தடவி, உடனே துணியால் துடையுங்கள். இடுக்குகளில் மட்டும் தங்கும். கடைசியாக மேட் கிளியர் கோட் (பளபளப்பில்லாத நிறமற்ற மேல்பூச்சு). அது வெள்ளியின் பளபளப்பைக் கொஞ்சம் மங்கவைக்கும். காய்ந்த பின் பென்சில் கரித்தூளை விரலால் விளிம்புகளில் தேய்த்தால் உலோகக் களை திரும்ப வரும்.

கண்ணாடிக்கு, வெல்டிங் முகக்கவசத்தின் பச்சை நிற பாலிகார்பனேட் தகட்டை வெட்டிப் பயன்படுத்தலாம். பாலிகார்பனேட் சூடாக்காமலே வளையும்; அக்ரிலிக் அப்படி வளைத்தால் வெடிக்கும். மூச்சுக்காற்றில் கண்ணாடி மூடுபனி போலாகும், ஆகவே பவர் பேங்கில் ஓடும் சின்ன 5 வோல்ட் விசிறி ஒன்றைத் தாடைப் பக்கம், காற்று வெளியே போகும்படி பொருத்துங்கள். ஸ்பாஞ்ச் துண்டுகளை வெல்க்ரோவில் ஒட்டினால் கழற்றித் துவைக்கலாம்.

அணிந்ததும் பக்கவாட்டில் எதுவும் தெரியாது; மங்கிய வெளிச்சத்தில் எதிரிலேயே சரியாகத் தெரியாது. விழாவுக்குப் போனால் படியிறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ள ஒரு நண்பரை அழைத்துச் செல்லுங்கள். இது உடைக்கான ஹெல்மெட் மட்டுமே, வண்டி ஓட்டப் போட்டுக்கொள்ளாதீர்கள். திரும்பும்போது வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடவும் கூடாது. அந்தச் சூட்டில் பி.எல்.ஏ. வளைந்தால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது கடினம்.